மைசூருக்குப் பத்து நாள்

பின்வாசல் படியில் ரோஸி உட்கார்ந்திருந்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவளுக்கு எதிரே, புதிதாய்த் துளிர்த்திருந்த புல்தரையின் நடுவில், எங்கள் நாய் மைசூர் நின்றுகொண்டிருந்தது. அதன் வாய் பாதி திறந்திருந்தது. மூட முடியவில்லை. எச்சில் நூலாக இறங்கிப் புல்லில் சொட்டியது.

காலை வெயில் அந்த நூலில் பட்டு மின்னியதுகூட நினைவிருக்கிறது. பயப்படும்போது கண் எதை எதையோ பார்த்து வைத்துக்கொள்கிறது.

“அம்மா, மைசூருக்கு வாயில என்னமோ மாட்டிக்கிச்சு. எலும்பு மாதிரி இருக்குது.”

“எலும்பா? நம்ம வீட்டுல எலும்பு ஏதுட்டி? தபசுக்காலம் தொடங்கினதுல இருந்து அடுப்புல கறி ஏறியிருக்கா?”

முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள். மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, சிவப்பு மசியில் கோடு இழுத்தது போல ஒரு கீறல்.

“எடுத்துடலாம்னு கைய விட்டேன்மா. பல்லு பட்டுடுச்சு.”

என் கையில் அரிசி களைந்த தண்ணீர் இருந்தது. பாத்திரம் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. சத்தம் கேட்டு மற்ற மூன்று நாய்களும் ஓடி வந்தன. மைசூர் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

ரோஸிக்கு அப்போது பதினோரு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை.

பின்கட்டில் ஒரு பச்சைச் சதுரம்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நாங்கள் ஓசூருக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதினேன். அந்த வீட்டின் பின்கட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றுதான். அதற்கு ஒரு வாரம் முழுதாக வேண்டும்.

என் கணவர் கால்நடைப் பண்ணை ஒன்றில் தீவனப் பிரிவுக்கு ஓவர்சீயர். நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். முன்பக்கம் ஓடு உடைந்திருந்தது. பின்பக்கம் மட்டும், யாரோ ஒரு துரை தன் ஊரை நினைத்துக்கொண்டு போட்ட புல்தரை. நாங்கள் வந்தபோது அது புல்தரையாக இல்லை. இரண்டு வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. வேலி உடைந்த வழியாகக் கன்றுக்குட்டிகள் புகுந்து மிச்சம் மீதியையும் மேய்ந்திருந்தன. காய்ந்த கோணிச்சாக்கை விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது.

என்னைக் கேட்டால் முற்றம் என்பது கூட்டிப் பெருக்கிய மணல். புல் என்றால் பாம்பு. “சிமெண்ட் போட்டிரலாமே” என்றேன்.

அவர் ஒரு குச்சியால் தரையைக் கிளறி, உள்ளிருந்து ஒரு வேரை இழுத்துக் காட்டினார். நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளையாக ஈரம் இருந்தது. “உயிர் இருக்கு, ஆக்னேஸ்” என்றார். அலுவலகத்தில் நாள் முழுக்கப் புல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் புல்லையே பார்த்து இப்படி முகம் மலர்கிற மனிதரை என்ன சொல்ல முடியும்? அவர் போக்கில் விட்டுவிட்டேன்.

தை மாதக் கடைசியில் வேலையைத் தொடங்கினோம். தரையைக் கொத்திச் சமப்படுத்தி, சாணமும் வேப்பம் புண்ணாக்கும் கிருஷ்ணகிரி உரக்கடையிலிருந்து வந்த எலும்பு உரமும் போட்டோம். அவர் கொத்த, நானும் ரோஸியும் கூடையில் அள்ளித் தூவிக்கொண்டே போனோம். பிறகு அருகம்புல்லை விரல் நீளத்துக்கு நறுக்கி, சாணியும் செம்மண்ணும் கரைத்த குழம்பில் போட்டுப் பிசைந்து, தோசை மாவு மாதிரி தரை முழுக்கப் பூசினோம். மேலே வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளித்தோம். பக்கத்து வீட்டு ராஜம்மா வேலிக்கு அந்தப் புறம் நின்று பார்த்துவிட்டு, “அய்யோ தேவுடா, எங்க ஊர்ல வீட்டை மெழுகுவாங்க. நீங்க ஊரையே மெழுகறீங்களேக்கா” என்றாள்.

பங்குனி பிறந்து மாமரங்களில் பிஞ்சு விட்டிருந்த நேரம், ஒரு சாயங்காலம் மழை வந்தது. ஓடு அதிரப் பெய்துவிட்டு அரை மணியில் போய்விட்டது. நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன். தரைக்கு மேல் ஓர் அங்குலத்துக்குப் பச்சைப் புகை எழும்பி நிற்பது போல இருந்தது. மணல் முற்றத்துக்காரியான நான், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதில் நடந்தேன்.

நாலு பேர் வந்த வழி

நாய்கள் நாலு. வேண்டும் என்று ஒன்றைக்கூட நாங்கள் வாங்கவில்லை.

ஜிம்மி வீட்டோடு வந்தது. முன்பு குடியிருந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டு, “ஜன்னல் ஒன்னு சாத்தாது, நாய் ஒன்னு போகாது” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு காது பாதிதான் இருக்கும். ராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரோஸியின் பின்னால் நடந்து வந்தது. அன்றைக்கே அது கர்ப்பம் என்று எனக்குத் தெரியும், ரோஸிக்குத் தெரியாது. அதன் குட்டிகளில் யாரும் கேட்காமல் மிஞ்சியது குட்டான்.

மைசூர் லாரியில் வந்தது. ஜூஜுவாடியில் எல்லைச் சோதனைக்காக மைசூர் பக்கத்து வைக்கோல் லாரி ஒன்றை நிறுத்தியிருந்தார்களாம். என் கணவர் அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வைக்கோல் போரின் உச்சியிலிருந்து ஒரு செவலை நாய் குதித்து, நேரே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. லாரி போய்விட்டது. பஸ் வந்ததும் அது அவருக்கு முன்னால் ஏறிவிட்டது. “சார், உங்க ஆளுக்கும் டிக்கெட் போட்டுடட்டுமா?” என்று கண்டக்டர் கேட்டாராம்.

அதற்குத் தமிழ் புரியாது. “வா” என்றால் முகத்தைப் பார்க்கும். “பாரோ” என்றால் வாலைச் சுழற்றிக்கொண்டு வரும். நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடித் தமிழ் பேசினோம். ரோஸி ஓசூர்த் தமிழ் பேசினாள். நாய்க்காக வீட்டில் கன்னடமும் புழங்க ஆரம்பித்தது.

அந்தப் பங்குனிக் காலை நேரங்களை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பனி இறங்கிய புல்லில் நாலும் முதுகைத் தேய்த்துக்கொண்டு கால்களை ஆகாயத்தில் உதைக்கும். எழுந்து உதறும்போது நாலு பக்கமும் தண்ணீர் தெறிக்கும். வேலியோரத்துப் புங்கமரம் தளிர் விட்டிருந்தது. அதன் நிழலில் ஜிம்மி ஒரு பெரிய மனுஷனைப் போலப் படுத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவு சந்தோஷத்தை ஒரு காசு செலவில்லாமல் ஒரு பிராணி எங்கிருந்து எடுக்கிறது என்று நான் வியந்துகொண்டு நிற்பேன். பள்ளிக்கு நேரமாகிவிடும்.

ஒரே ஒரு சண்டை இருந்தது. நாய்கள் புல்தரையைத் தோண்டின. அவர் சாயங்காலம் குழியை மூடுவார். காலையில் பார்த்தால் பக்கத்தில் இன்னொரு குழி. “ஈர மண்ணு சுகமா இருக்கு போல” என்று சொல்லி மூடுவார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு டம்ளர் தண்ணீர்

என் பயத்துக்குக் காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ரோஸியைவிடச் சின்னவளாக இருந்தபோது, எங்கள் தெருவில் உப்பளத்து வேலைக்காரர் ஒருவருடைய மகள் இருந்தாள். என்னோடு பாண்டி ஆடுவாள். ஒரு நாய்க்குட்டி அவள் கணுக்காலில் லேசாகப் பல்லைப் பதித்தது. சுண்ணாம்பு தடவினார்கள். எல்லோரும் மறந்துபோனார்கள். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் அவளுக்குத் தாகம் எடுத்தது. அவள் அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. அந்த வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு மேல் சாக்கு போட்டு மூடினார்கள், கிணற்று ராட்டினச் சத்தம் கேட்காமல் இருக்கக் கயிற்றை அவிழ்த்து வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். மூன்று நாளில் எல்லாம் முடிந்தது.

ஆகவே வாயை மூட முடியாமல் எச்சில் வடிய நின்ற நாயைப் பார்த்ததும் எனக்கு வெறி என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. எலும்பு என்று ரோஸி சொன்னதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி கிடையாது. எலும்பு இல்லாத வீட்டில் நாயின் வாயில் எலும்பு எப்படி வரும்? பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இந்தக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

சொல்லி அனுப்பினேன்

என் கணவர் தீவனம் பார்க்க ஊத்தங்கரைக்குப் போயிருந்தார். மறுநாள்தான் வருவார். சத்தம் கேட்டு ராஜம்மா ஓடி வந்தாள். நாயைப் பார்த்தாள், ரோஸியின் கையைப் பார்த்தாள்.

“அக்கா, மாந்தோப்பு ரெட்டியார்கிட்ட துப்பாக்கி இருக்குது. காட்டுப்பன்னி சுடறதுக்கு லைசென்ஸ் வெச்சிருக்காரு. போயி சொல்லட்டுமா?”

“போ. உடனே வரச் சொல்லு.”

“அம்மா, சுட வேணாம்மா” என்றாள் ரோஸி. அழவில்லை. எழுந்து போய், நான் தடுப்பதற்குள், மைசூரைக் கழுத்துச் சங்கிலியால் புங்கமரத்தில் கட்டினாள். கட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்றாள். “கட்டிட்டேன். இனி எங்கயும் போகாது. சுட வேணாம்.”

நான் கேட்கவில்லை. அவள் கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஜட்கா பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் இளைஞர். காயத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

“நாய் உயிரோட இருக்குங்களா?”

“கட்டிப் போட்டிருக்கு. சுடச் சொல்லி ஆள் அனுப்பிட்டுத்தான் வந்தேன்.”

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். “ஏன் டீச்சர் அப்படிச் செஞ்சீங்க? நாய் செத்துட்டா அதுக்கு என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாமலே போயிடும். தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவேன். அதுக்கு அப்புறமும் உங்களுக்கு மாசக்கணக்கா தூக்கம் வராது. பத்து நாள் அது உயிரோட இருந்துச்சுன்னா, உங்க பொண்ணுக்கு ஒன்னும் இல்லைன்னு நானே எழுதிக் கொடுப்பேன். போய் நிறுத்துங்க.”

நான் எழுந்து வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றேன். ரோஸிதான் மேஜை மேல் ஏறிப் படுத்தாள். சட்டையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

“ஊசிய சீக்கிரம் போடுங்க டாக்டர். நாங்க போகணும்.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க வெளிய நில்லுங்கம்மா. உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்கு பயமா இருக்குது” என்றாள்.

நான் வெளியே நின்றேன். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள், எனக்கு முன்னால் ஜட்காவில் ஏறினாள். வழி முழுக்க வண்டிக்காரரிடம், “அண்ணா, குதிரைய இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கண்ணா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்காவது ஒரு லாரி டயர் வெடித்திருந்தாலும் அன்றைக்கு நான் செத்திருப்பேன்.

செருப்பைக் கழற்றி வைத்தவர்

பின்கட்டில் ரெட்டியார் குந்தி உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் குறுக்கே கிடந்தது. அவருடைய தோல் செருப்பு இரண்டும் புல்தரைக்கு வெளியே ஜோடியாக இருந்தன.

புங்கமரத்தடியில் மைசூர் படுத்திருந்தது. அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதைச் சுற்றி ஜிம்மியும் ராணியும் குட்டானும் ஒட்டிப் படுத்திருந்தன.

“சுடலீங்களா?” என்றேன்.

“எங்கீங்க சுடறது? மூனும் அடைகோழி மாதிரி சுத்தி உக்காந்துக்கிச்சு. வெரட்டினா எந்திரிக்கல. அந்தக் காதறுந்த நாயி என்னையே மொறைக்குது.” ரெட்டியார் உள்ளங்கையால் புல்லை ஒருமுறை தடவினார். “அதுவுமில்லாம, டீச்சரம்மா, இந்தப் புல்லு. என் தோப்புல கெணத்தடியில வருஷம் பூரா தண்ணி நிக்குது, இப்படி வரமாட்டேங்குது. இதுமேல ரத்தம் சிந்தறதுக்கு மனசு வரல. ஓவர்சீயர் வரட்டும், கேட்டுட்டுச் செய்யலாம்னு உக்காந்துட்டேன்.”

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “பத்து நாளா? இருக்கட்டும். புல்லு எங்க ஓடிப்போவுது, நாயி எங்க ஓடிப்போவுது.”

அவரை வியக்காமல் இருக்க முடியவில்லை. கூப்பிட்டவுடன் துப்பாக்கியோடு வந்தவர், சுடாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். படித்த நான் அந்த ஒன்றரை மணி நேரத்தைக்கூட மைசூருக்குக் கொடுக்கவில்லை.

மற்ற மூன்றையும் விறகுக் கொட்டகையில் அடைத்தோம். மைசூருக்குத் தண்ணீரை நீளக் கம்பால் தள்ளி வைத்தோம். அது முகத்தைத் தொட்டிக்குள் விட்டது. நாக்கை நீட்டியது. தண்ணீர் உள்ளே போகவில்லை, வழிந்தது. நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

வெங்கடப்பாவின் இடுக்கி

மறுநாள் மத்தியானம் என் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையைக்கூட வைக்காமல் திரும்பிப் போய், மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வெங்கடப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெங்கடப்பா பேசினால் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். வந்தவர் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அரை மணி நேரம் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மைசூர் முன்னங்காலால் கன்னத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

“பாப்பா, நீ வாய்க்குள்ள என்ன பாத்தே?” என்று ரோஸியைக் கேட்டார்.

“மேல் பக்கம், இந்தப் பல்லுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவுல குறுக்கால. வெள்ளையா இருந்துச்சு. விரல்ல தட்டுச்சு. இழுத்தேன், வரல.”

அந்த இரண்டு நாளில் அவளை அப்படிக் கேட்ட முதல் பெரிய ஆள் அவர்தான். டாக்டருக்கு நாயின் உயிர் வேண்டியிருந்தது. எனக்கு என் பயம் போதுமாக இருந்தது.

“இது வெறியாகவும் இருக்கலாம், பாப்பா சொல்றதாகவும் இருக்கலாம்” என்றார் வெங்கடப்பா. “நான் ரெண்டுக்கும் சேத்தே கைய சுத்திக்கறேன்.”

முழங்கை வரை கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டினார். கழுத்துக்கு ஒரு சுருக்கு. என் கணவர் பிடித்துக்கொண்டார். பற்களுக்கு நடுவே ஒரு விறகுக் கட்டை. ரோஸி நான் கிழித்த கோட்டுக்கு அப்பால் நின்றுகொண்டு, “சும்னிரு, மைசூர், சும்னிரு” என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சும்மா இரு, சும்மா இரு. அதன் கண் அவளை விட்டு அகலவில்லை. நீள இடுக்கி உள்ளே போனது. வெங்கடப்பா ஒருமுறை திருகினார்.

வெளியே வந்தது சுண்டுவிரல் பாதி நீளத்தில் ஓர் எலும்புச் சில்லு.

கட்டையை எடுத்தார்கள். மைசூர் தலையை உதறியது. வாயை மூடியது, திறந்தது, மூடியது. பிறகு தொட்டியிடம் போய்க் குடிக்க ஆரம்பித்தது. சளக் சளக் சளக் என்று அந்தச் சத்தம் பின்கட்டு முழுக்கக் கேட்டது. நிறுத்தவே இல்லை. தண்ணீர் உள்ளே போகிற சத்தம் ஒருத்தியை அழவைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

“எலும்பு எப்படி வந்துச்சு?” என்று ராஜம்மாவைப் பார்த்தேன். அந்த வாரம்தான் யுகாதி போயிருந்தது; அவர்கள் வீட்டில் யுகாதிக்கு ஒப்பட்டு என்கிற போளி, மறுநாள் கறி. அது ஊருக்கே தெரிந்த வழக்கம்.

“சத்தியமா நான் போடலக்கா. ஒப்பட்டு போட்டேன், நாலு. கறி எங்களுக்கே பத்தல.”

என் கணவரைப் பார்த்தேன். “ஊத்தங்கரையில என்ன சாப்பிட்டீய?”

“ஏம்மா, நான் அங்க தின்னா எலும்பு இங்க எப்படி வரும்?”

வெங்கடப்பா எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. நாய்கள் தோண்டிய குழி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கிளறினார். எதையோ எடுத்து வேட்டியில் துடைத்தார். “நோடி, பாருங்க” என்று நீட்டினார். அதே நிறம், அதே மாதிரிச் சில்லு. இன்னொன்று. இன்னொன்று.

“உரம் அரைச்சவன் சரியா அரைக்கல. நீங்களும் சலிக்காம போட்டிருக்கீங்க.”

முதலில் சிரித்தது ரோஸி. பிறகு ராஜம்மா. என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குத் தை மாதத்துக் கூடை நினைவுக்கு வந்தது. கையில் தட்டுப்பட்ட பெரிய துண்டுகளைக் கல் என்று நினைத்து, கால் கட்டைவிரலால் மண்ணுக்குள் அழுத்தி மூடியவள் நான்தான். நாற்பது நாளைக்கு ஓர் எலும்பு நுழையாத வீடு என்று நான் சாதித்த வீட்டின் பின்கட்டில் ஒரு மூட்டை எலும்பை என் கையாலேயே விதைத்திருந்தேன்.

மீதி நாட்கள்

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் ஊசியை நிறுத்தவில்லை. “எலும்பும் இருக்கலாம், வியாதியும் இருக்கலாம். பத்து நாள்னா பத்து நாள்.”

தினமும் காலையில் ஆஸ்பத்திரி. மூன்றாம் ஊசிக்குள் அவள் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்குக் கொஞ்சம் குனிந்தபடி நடந்து வந்தாள். பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்று பாடம் எழுதினாள். சாயங்காலம் வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போய்ப் புல்லில் குப்புறப் படுப்பாள். “சில்லுனு இருக்குதும்மா. வலி தெரியல.” சங்கிலி எட்டாத தூரத்தில் அவள், சங்கிலியின் முனையில் அது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். நடுவில் நான் விளக்குமாற்றோடு நிற்பேன். எதற்கு விளக்குமாறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விடிந்ததும் என் முதல் வேலை தொட்டியில் புதுத் தண்ணீர் வைப்பது. ஒவ்வொரு காலையும் அது குடிக்கிற சத்தம் கேட்கும் வரை நான் வாயில் தண்ணீர் ஊற்றவில்லை.

என் கணவர் மண்டி போட்டுப் புல்லை விரலால் பிரித்துப் பிரித்து எலும்புச் சில்லுகளைப் பொறுக்கினார். ரெட்டியார் இரண்டு நாளைக்கு ஒருமுறை நாயை விசாரிக்க வந்தார். போகும்போது ஈரச் சாக்கில் ஒரு பிடி புல் கொண்டுபோனார். நாயை விசாரிக்கத்தான் வந்தார் என்று நான் இன்னும் நம்புகிறேன்.

ஒரு நாள் ரோஸிக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டேன். “ஏட்டி, கீறல என்கிட்ட காட்டாம மறைச்சிருக்கலாமே. மைசூருக்கும் ஆபத்து இல்ல, உனக்கும் ஊசி இல்ல. ஏன் காட்டின?”

“மறைச்சிருந்தா நீங்க மைசூரச் சுடச் சொல்லியிருக்க மாட்டீங்க. ஆனா எனக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா, நாலையும் சுடச் சொல்லியிருப்பீங்க.”

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது. பதினோரு வயதுப் பிள்ளை, அந்தப் படியில் உட்கார்ந்து கையை மறைத்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், என்னை முழுசாக எடைபோட்டு முடித்திருந்தாள். கோபம் வரவில்லை. அந்தத் தலையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் நாள் மைசூர் ஒரு தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து வாலாட்டியது. அன்று போட்ட ஊசியே கடைசி. டாக்டர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ரொம்ப நாள் என் பைபிளுக்குள் இருந்தது.

இப்போது ரோஸி வேறு ஊரில் இருக்கிறாள். வரும்போதெல்லாம் வளையலை மேலே தள்ளி அந்த மணிக்கட்டைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. இருந்தாலும் பார்ப்பேன். “பத்து நாள் தாண்டிடுச்சும்மா” என்று கையை இழுத்துக்கொள்வாள்.

ஈஸ்டர் மத்தியானம்

அந்த வருஷம் ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி எடுத்தோம். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் இலையில் இருந்த எலும்பையெல்லாம் தானே பொறுக்கி எடுத்துப் போய், வேலிக்கு வெளியே ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார். நாய்களுக்கு வெறும் கறியும் சோறும் என்று தீர்ப்பானது.

அந்தக் கறிச்சோற்றுத் தட்டை ரோஸி எடுத்துக்கொண்டு போனாள். நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல் அதற்குள் கணுக்கால் உயரம் வந்திருந்தது. தோண்டிய குழிகள் மூடி, எது குழி எது தரை என்று தெரியவில்லை. அவள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாலும் சுற்றி உட்கார்ந்தன. ஜிம்மிக்கு முதல் வாய். பிறகு ராணி, குட்டான்.

மைசூருக்குக் கொடுத்தாள். அது விழுங்கியதும், “பாரோ” என்று அதன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டு மேல் அண்ணத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை தடவிப் பார்த்தாள். அதே கை. மைசூர் அசையாமல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது.

“ஏட்டி” என்ற சொல் என் தொண்டை வரை வந்தது.

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். விரல்களை வெளியே எடுத்து, வெயிலில் தூக்கிக் காட்டினாள். எச்சில் மின்னியது.

“ஒன்னும் இல்லம்மா” என்றாள். அடுத்த வாய் கொடுத்தாள். மறுபடியும் வாயைத் திறந்து பார்த்தாள்.

நான் கூப்பிடவில்லை. பாத்திரம் கழுவ வைத்திருந்த தண்ணீரில் பாதியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தேன். பாத்திரங்களைத் தொடாமல், சத்தம் செய்யாமல், மைசூர் குடிக்கிற சத்தம் கேட்கும் வரை நின்றேன்.